கொடிமரத்தார் மறந்துபோன குடை

அந்த யுத்தத்தில் இந்த நகரத்தின் மேல் ஒரு குண்டுகூட விழவில்லை. சரித்திரப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அதில் பொய்யும் இல்லை. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். வசதி உள்ளவர்கள் பெட்டி படுக்கையோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். எதிரி விமானம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சேதம் ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெள்ளைக்காரர்கள் ஊரைப் பார்க்கப் போனார்கள். கடற்கரைத் தெருவில் அந்த வருஷங்களில் விதவையான பெண்களை யாரும் சேதத்தில் சேர்க்கவில்லை. கேட்டால், அது கடல் செய்த வேலை, யுத்தம் செய்ததல்ல என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கொடிமரத்தாரின் கதையைக் கேட்டதில்லை.

துறைமுகத்தின் கோடியில், கடலுக்குள் நீளும் அலைதடுப்புக் கல்லணை முடிகிற இடத்தில், ஒரு உயரமான கொடிமரம் நின்றது. பாதி உயரத்தில் பலகை போட்ட ஒரு மேடை, அதற்கு ஏறிப்போக ஏணி, ஏணியின் அடியில் ஒரு சின்ன அறை. வாலிப வயசில் அந்த அறைக்குள் நுழைந்தவர், தலை நரைத்த பிறகும் அங்கேயே இருந்தார். வருகிற கப்பலுக்கும் போகிற கப்பலுக்கும் வண்ணவண்ணமாகக் கொடி ஏற்றுவது அவர் உத்தியோகம். ஆனால் கடற்கரைத் தெருக்காரர்கள் அந்தக் கொடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது கூண்டு.

புயல் வருகிறதென்று தந்தி வந்தால் மரத்தில் கூண்டு ஏறும். மூங்கில் சட்டத்துக்கு மேல் முரட்டுத் துணியை இழுத்துத் தைத்து, தார் பூசிய கறுப்புக் கூண்டு. தூரத்துப் புயலுக்கு ஒரு வடிவம், பக்கத்துப் புயலுக்கு வேறு வடிவம். வெளியே நிற்கும் கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றிவரும் படகுக்காரர்கள் காலையில் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்த மரத்தைத்தான். கூண்டு தெரிந்தால் படகு இறங்காது. ஒப்பந்தக்காரர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். கூண்டு தெரியாவிட்டால், வானம் எப்படி இருந்தாலும், மூட்டுவலி என்ன சொன்னாலும், கடலுக்குள் போயே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் நாளைக்கு அந்தத் துடுப்பு வேறொருவன் கையில் இருக்கும்.

அந்தக் கூண்டுகளைத் தைத்தது, தார் பூசியது, கயிறு மாற்றியது எல்லாம் அவரேதான். அதனால் அவர் பெயரே கொடிமரத்தார் ஆகிவிட்டது. அதிகம் பேசாத மனிதர். சிரிப்பைக்கூட யோசித்துத்தான் செலவழிப்பார். மனைவி சீக்கிரமே போய்விட்டாள். ஒரே மகளை அந்த மரத்தடியிலேயே வளர்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே அவளுக்குக் கூண்டுகளின் வடிவம் அத்தனையும் மனப்பாடம். முரட்டு ஊசியால் தையல் போட அப்பாவுக்கு உதவி செய்வாள். கறுப்புத் துணி மிச்சமாகும்போது அப்பாவின் குடையில் கிழிசல் எங்கே என்று தேடி ஒட்டுப்போடுவாள். கடைசியில் அந்தக் குடையில் குடைத்துணியைவிடக் கூண்டுத்துணிதான் அதிகம் என்று ஆகிவிட்டது.

அப்படி வளர்த்த பெண்ணுக்கு அமைந்த மாப்பிள்ளையோ, ஊரே 'தண்டோரா' என்று கூப்பிடும் ஒரு படகுக்காரன். சுக்கான் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! ஒரு செய்தி அவன் காதில் விழுந்தால் அடுப்பில் உலை கொதிப்பதற்குள் தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிற்பாடு மனைவி முழுகாமல் இருந்தபோது அந்த விஷயம் கொடிமரத்தாருக்குத் தெரிந்ததே துறைமுக வாசல் காவலாளி சொல்லித்தான். காவலாளிக்குச் சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம். படகில் நின்று அவன் கத்தினால் கரையில் கயிறு திரிக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். நான் பக்கத்துலதானே இருக்கேன்" என்பார் கொடிமரத்தார்.

"மெதுவாத்தான் மாமா பேசறேன். சத்தமாப் பேசினா நீங்க தாங்க மாட்டீங்க" என்று அந்தத் தெருவே கேட்கச் சொல்வான் தண்டோரா.

மாமனாருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மகள் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நிறைவு அதைவிடப் பெரியது. அவர் வீட்டில் இல்லாமல் போன சத்தம் அது.

யுத்தம் வந்தது. ஒருநாள் துறைமுக அதிகாரியான துரை அவரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். துரை சொன்னதைத் தலைமைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்.

"இனிமே கூண்டு ஏத்தக் கூடாது. எதிரி தூரத்துல நின்னு தூரக்கண்ணாடி வெச்சுப் பாப்பான். நம்ம பக்கம் கடல் எப்படி இருக்குன்னு அவனுக்கு நாமளே சொல்லிக் குடுத்தாப்ல ஆயிடும்."

"அப்ப படகுக்காரங்களுக்கு வேற எப்படிங்க சொல்றது?"

"சொல்றதில்ல."

"கூண்டு ஏத்தறத நிறுத்திட்டோம்னாவது ஒரு வார்த்தை..."

"அதுவும் சொல்லக் கூடாது. அதுவும் ரகசியம்தான். வாயத் திறந்தா எதிரிக்கு உளவு சொன்ன மாதிரி. நேரா ஜெயில்."

அன்றே கூண்டுகளைக் கொடிமரத்தார் கையாலேயே கிடங்கில் வைக்கச் சொல்லிப் பூட்டுப் போட்டார்கள். தந்தி மட்டும் வழக்கம்போல வந்தது. அதைப் பார்த்துப் போர்க்கப்பல்களைச் சத்தமில்லாமல் ஒதுக்குப்புறமாக நகர்த்திக்கொண்டார்கள். இரும்புக் கப்பலுக்குச் சொன்னார்கள், மரப்படகுக்குச் சொல்லவில்லை. இதைச் செய்தவர்களுக்கு எந்த நரகம் என்று தெரியவில்லை, ஏதோ ஒன்று இருந்தால் சரி.

மரம் மொட்டையாக நின்றது. கடற்கரைத் தெரு ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்தது. கூண்டு இல்லை, கடல் நல்ல கடல் என்று படகைத் தள்ளியது. அந்த மரம் ஊமையாகிவிட்டது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

கொடிமரத்தார் சில நாள் சோறு இறங்காமல் கிடந்தார். பிறகு ஒரு சாயங்காலம், மருமகன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மகளிடம் போனார்.

"எப்பவாவது நான் என் குடைய உன் வீட்டுல மறந்து வெச்சுட்டுப் போனா, மறுநாள் மாப்பிள்ளைய கடலுக்கு விடாதே. ஏன்னு கேக்காதே."

மகள் அவரையே பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக மொட்டை மரத்தைப் பார்த்தாள். கொடிமரத்தார் மகள் அல்லவா, கேட்க ஒன்றுமில்லை.

"அவர்கிட்ட சொல்லட்டுமா அப்பா?"

"அவருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. வேண்டாம்மா. ஜெயிலுக்கு நான் பயப்படல. உன்னையும் சேத்துப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க."

முதல்முறை குடை மறந்துபோன மறுநாள் காலையில் மகளுக்கு வயிற்றுவலி வந்தது. சும்மா இல்லை, தரையில் புரண்டாள். தண்டோரா பதறிப்போய், அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்து, மனைவியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். படுத்துக்கொண்டே அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "என்னம்மா, உடம்புக்கு முடியலியா? வரும்போது மருந்துக்கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வரட்டுமா?" என்று நின்று கேட்டார். வேண்டாம் அண்ணே என்று தலையை ஆட்டினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. மத்தியானம் கடல் எழும்பியது. அந்த மனிதர் வரவில்லை. அவர் போன படகின் பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின.

மகள் அன்று அப்பாவிடம் ஓடிவந்து ஏணியடியில் உட்கார்ந்து அழுதாள். "போகாதீங்க அண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. மருந்து வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டார்ப்பா."

கொடிமரத்தார் மறுநாள் துரையின் அறை வாசலில் போய் நின்றார். ஒரே ஒரு கூண்டு, சின்னது, கரையைப் பார்த்த பக்கமாக ஏற்றினால் கடலிலிருந்து தெரியாது என்று கெஞ்சினார். துரை காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னார். "போய் வேலையப் பாருங்கறார்" என்றார் குமாஸ்தா, அவரும் தலையைக் குனிந்துகொண்டு.

அதற்குப் பிறகும் சிலமுறை குடை மறந்துபோனது. ஒருமுறை வயிற்றுவலி, ஒருமுறை பல்வலி, ஒருமுறை மயக்கம். குழந்தை பிறந்த பிறகு பிள்ளைக்கு மாந்தம் என்று ஒரு சாக்கு. தண்டோராவின் வாய் சும்மா இருக்குமா? நடுத்தெருவில் நின்றுகொண்டு, "இந்தக் கூத்தக் கேளுங்க. எம் பொண்டாட்டிக்கு உடம்புக்கு முடியலைன்னா அன்னிக்குப் புயல் வந்துடுது. வானிலை ஆபீஸே அவ வயித்துலதான் இருக்கு!" என்று சொல்லிச் சிரித்தான். கேட்டவர்களும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கொடிமரத்தாரின் மகளை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் அவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

விஷயம் காதுக்கு வந்ததும் கொடிமரத்தார் மருமகனைப் பார்த்து, "மாப்பிள்ளை, வீட்டு விஷயத்த இப்படித் தெருவுல சொல்லலாமா?" என்றார்.

"தப்புதான் மாமா, இனிமே சொல்லல" என்று காதைப் பிடித்துக்கொண்டான். உடனேயே, "ஆனா உங்களப் பத்தியும் ஒண்ணு சொல்லியிருக்கேன். கோச்சுக்காதீங்க. மாமாவுக்கு வயசாயிடுச்சு, போற இடமெல்லாம் குடைய மறந்து வெச்சுட்டுப் போறார்னு சொன்னேன்" என்றான். முகத்தில் கேலி இருந்தது, அதற்கு அடியில் கவலையும் இருந்தது. மாமனார் கேலியைத்தான் பார்த்தார்.

அந்தப் பெரிய புயலுக்கான தந்தி ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு வந்தது. அதுவரை வந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று படித்ததும் தெரிந்துவிட்டது. வேலை முடித்து மகள் வீட்டுக்கு அவர் வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. இருட்டடிப்புச் சட்டம் வேறு. கதவைத் தட்டினால் மருமகன்தான் எழுந்து வருவான். இந்நேரத்தில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பான். அதனால் வாசல் ஜன்னல் கம்பியில் குடையை மாட்டினார். விடியலில் தண்ணீர் பிடிக்க முதலில் எழுந்து வருகிறவள் மகள்தான். இத்தனை வருஷத்தில் அது மாறியதில்லை. நன்றாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். மகள் வீட்டில் கூண்டு ஏற்றியாகிவிட்டது.

விடிந்தபோது லேசான தூறல். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடந்தது. நனைந்துகொண்டே வேலைக்கு வந்த கொடிமரத்தார், ஏணியடியில் நின்றுவிட்டார். ஏணியின் முதல் படியில் அவருடைய குடை தொங்கிக்கொண்டிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தார். ஒட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். அவர் குடையேதான்.

வாசல் காவலாளி பின்னாலேயே வந்தார். "ஒண்ணும் கேக்காதீங்க. உங்க மாப்பிள்ளை என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கார்."

"எப்ப வந்தாரு? எங்க அவரு?"

"இப்பத்தான் படகுக்குப் போனார். கொழந்தைக்கு ராத்திரி பூரா காய்ச்சலாம். விடியறப்பதான் அம்மாவும் புள்ளையும் கண்ணசந்தாங்களாம். எழுப்ப மனசு வரல, நானே தண்ணி புடிச்சு வெச்சுட்டு வந்தேன்னார். வாசல்ல பாத்தா உங்க குடை தொங்குதாம். மாமா மறந்துட்டார், மழையில நனைஞ்சுட்டே வருவார்னு எடுத்தாந்து மாட்டினார். நான் வெச்சேன்னு சொல்லிடாதீங்க, தானே இங்கதான் விட்டுட்டுப் போயிருக்கோம்னு மாமா நெனச்சுக்கட்டும், மறதி மறதின்னு கேலி பண்ணி அவர் மனசு நொந்துபோச்சுன்னார். அந்த ஆளு மெதுவாப் பேசி இன்னிக்குத்தான்யா பாத்தேன்."

கொடிமரத்தார் கடலைப் பார்த்தார். படகுகள் சின்னச்சின்னதாகக் கப்பல்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தாண்டி மறைந்துகொண்டிருந்தன.

அவர் கிடங்குக்கு ஓடினார். கீழே கிடந்த நங்கூரத் துண்டை எடுத்துப் பூட்டை அடித்து உடைத்தார். காவலாளி "ஐயோ, என்ன பண்றீங்க, துரை கொன்னுடுவார்" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் அந்தக் குடையையும் பிடித்துக்கொண்டு, ஏணி ஏறினார். குடையை ஏன் எடுத்துப்போனார் என்று அவருக்கே தெரியாது. கயிற்றில் முடிச்சுப் போட்டார். வருஷக்கணக்காகப் போட்ட முடிச்சு. மரத்தின் உச்சிக்குப் பெரிய கறுப்புக் கூண்டு ஏறியது.

கரையில் பார்த்தவர்கள் நம்பவில்லை. அப்புறம் கூச்சல் கிளம்பியது. பக்கத்தில் இருந்த படகுகள் முதலில் திரும்பின. பெண்கள் மணலுக்கு ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தாள், அவள் தம்பி ஒருவன் அன்று கடலில் இருந்தான். மரத்தையும் மேடையில் நின்ற மனிதரையும் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னிக்கு மட்டும் கூண்டு எப்படிய்யா ஏறுது?" என்று கத்தினாள். "உம் மருமகன் வெளிய போயிட்டானா? எம் புருஷன் போன அன்னிக்கு உன் கையி எங்கய்யா போச்சு?"

மேலே நின்றவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மாப்பிள்ளை வீட்டில் படுத்திருந்தால் அந்தப் பூட்டை அவர் உடைத்திருப்பாரா? அந்தக் கேள்வியை அவர் சாகும்வரை தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளும் நல்ல பதில் கிடைக்கவில்லை.

துரை வந்தார், கூண்டை இறக்கச் சொன்னார். கொடிமரத்தார் இறக்கவில்லை, அவரும் இறங்கவில்லை. அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. போலீஸ்காரர்கள் ஏணியில் ஏற முடியாமல் கீழேயே நின்றார்கள்.

தண்டோராவின் படகு முனைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. கூண்டு அவன் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு நடந்ததைச் சொன்னவர்கள், அவனால் உயிர் தப்பி வந்தவர்கள். முனைக்கு அந்தப் பக்கம் போன படகுகளுக்குக் கொடிமரம் தெரியாது. தன்னோடு இருந்த ஆட்களைத் திரும்பிக்கொண்டிருந்த படகில் ஏற்றிவிட்டு, "நான் போய்க் கத்தறேன், எந் தொண்டைக்கு இன்னிக்குத்தான் வேலை" என்றானாம். தனியாகப் படகைத் திருப்பிக்கொண்டு முனையைத் தாண்டினான். ஒவ்வொரு படகாகப் பார்த்து, "கூண்டு ஏறிடுச்சு! எங்க மாமா ஏத்திட்டார்! திரும்புங்கடா!" என்று கத்தினான். கேட்டவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அக்காவின் தம்பியும் அப்படித்தான் கரை சேர்ந்தான். காற்று முழுசாக வந்து மோதியபோது கடைசிப் படகுக்கும் சொல்லி முடித்திருந்தான். அவன் படகுதான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. படகு கவிழ்ந்ததைக் கண்ணால் காண்பதற்கு முன்பு அவன் குரல் நின்றுபோனதைத்தான் கவனித்தோம் என்று அவர்கள் சொன்னார்கள்.

மேடையில் நின்றுகொண்டே கொடிமரத்தார் படகுகளை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தார். வந்தவை வந்தன. எது வரவில்லை என்று கரையில் எழுந்த அழுகையே சொல்லிவிட்டது. அந்த அழுகையில் மகள் குரலும் இருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவிழ்ந்த தலையோடு மணலில் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் கையில் இருந்த குடையைப் பார்த்தார். மகள் இதைப் பார்த்து, இது எப்படி இங்கே வந்தது என்று காவலாளியைத் துருவிக் கேட்டால் என்ன ஆகும்? அப்பா குடை வைத்தார், நான் தூங்கிவிட்டேன் என்று தெரிந்துவிடும். எழுந்து வாசலுக்கு வந்திருந்தால் புருஷன் உயிரோடு இருப்பார் என்று தெரிந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு விடியல் கண்ணயர்ந்ததற்கு அந்தப் பெண் ஆயுசு முழுக்கத் தூங்க மாட்டாள். கொடிமரத்தார் கையை விரித்தார். காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் கல்லணைக்கு அந்தப் பக்கம் கடலில் போட்டது.

காற்று அடங்கியதும் விலங்கு மாட்டினார்கள். போகிற வழியில் காவலாளியிடம், "குடை விஷயம் உங்களோட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். காவலாளி, அவரும் இறந்து அவர் மகளும் இறந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

வானிலை ரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்கு அவருக்கு ஜெயில். யுத்தம் முடிகிற சமயத்தில்தான் வெளியே விட்டார்கள். கொடிமரத்தில் கூண்டு ஏற்றலாம் என்று உத்தரவு வந்திருந்தது, ஏற்றுவதற்கு வேறு ஆளும் வந்திருந்தான். நல்ல மழை. நனைந்துகொண்டே நேராக மகள் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் தலையைத் துவட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். எத்தனையோ நாள் மனசுக்குள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி என்பது அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"அப்பா, அன்னைக்கு நான் அசந்து தூங்கிட்டேன். அவரே எழுந்து போயிருக்கார். முழிச்சதும் ஓடிப்போய் வாசலைத்தான் பாத்தேன். குடை இல்ல. குடை இல்லையேன்னு நிம்மதியா இருந்தேன்ப்பா." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க குடை வெச்சீங்களா, இல்லையா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த முகம்தான். மூலையில் குழந்தை சுவரைப் பிடித்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேன்மா" என்றார்.

"மத்த நாளெல்லாம் ஞாபகம் இருந்துச்சே."

"அன்னிக்கு மறந்துட்டேன். அசதியில வீட்டுக்குப் போயிட்டேன்."

மகள் அவர் கையிலிருந்து துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். பிறகு உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். "சாப்பாடு வெச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று முதல் அவர் இருந்தவரை இரண்டு வேளையும் சோறு போட்டாள். சட்டை துவைத்துக் கொடுத்தாள். உடம்புக்கு முடியாதபோது மருந்து வாங்கிக் கொடுத்தாள். அவர் அடுத்த தெருவில் கயிறு பின்னிக் கொடுத்துக் காலத்தைத் தள்ளினார். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை அவள். அப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. அந்த வார்த்தை வரவேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி விட்டுவிட்டுப் பேசப் பழகிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா தன் தம்பியைக் காப்பாற்றிய குரலை நினைத்து, திரும்ப வந்து அவளோடு உட்கார ஆரம்பித்தாள். கொடிமரத்தார் வந்தால் இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவர் அதற்குப் பிறகு குடை வாங்கவே இல்லை. எந்த மழையானாலும் நனைந்துகொண்டேதான் வருவார். தெருப்பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

பேத்தி வளர்ந்து நாலு வார்த்தை கோர்த்துப் பேசுகிற வயசு. அப்பனின் வாய் அப்படியே வந்திருந்தது. ஒரு நாள் தாத்தா சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றபோது, தெருவே கேட்கும்படி கேட்டது: "அம்மா, தாத்தா ஏம்மா குடையே புடிக்க மாட்டேங்கறாரு?"

மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"அவருக்கு ஞாபகமறதி. குடுத்தா எங்கயாவது மறந்துட்டு வந்துடுவாரு."

குழந்தை தாத்தாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. "நிஜமாவா தாத்தா?"

"ஆமாம் கண்ணு" என்றார் அவர். "தாத்தாவுக்கு மறதி ஜாஸ்தி."

பேத்தி கொண்டுவந்த துண்டை வாங்கிக்கொண்டு, மகள் தட்டு வைக்கும் வரை வாசலிலேயே நின்றார்.